ஷுவரானு கேட்டாப் போதும்

அழுவல ஆன்ட்டி, ஜன்னல் மூட மாட்டேங்குது, தூசி... சரி, கொஞ்சம் அழுதேன்தான். கூடைய இப்படி வைங்க. யார்கிட்டயாவது சொல்லாட்டி எனக்கு நெஞ்சு வெடிச்சிரும்.

பேராதெனிய கெம்பஸ்ல கணக்குப் படிக்கிறேன். கூட்டல் கழித்தல் இல்ல, நிறுவல். ஒரு விசயம் ஏன் உண்மைனு ஓட்டை இல்லாம எழுதிக் காட்டணும். வீட்டப் பூட்டிட்டுப் பாதி வழியில திரும்பி வந்து பூட்ட ஆட்டிப் பாக்கிறவ நான், எனக்கு வாச்ச பாடத்தப் பாருங்க.

இன்னைக்கு எங்க கணக்கு சேர் என்னைய போர்டுக்குக் கூப்பிட்டாரு. முதன்மை எண்ணுக்கு, அதான் ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழு மாதிரி வேற எதாலயும் வகுபடாததுக்கு, முடிவே இல்லனு நிறுவணும். முடிவு இருக்குனு பொய்யா வச்சுக்கிட்டுத் தொடங்குனா, கடைசியில எங்கயாவது முட்டிக்கிட்டு நிக்கும். அவ்வளவுதான், நாலே வரி. எழுதிட்டேன். சேர் பாத்துட்டு, "ஷுவரா?"னாரு. டஸ்டர எடுத்து முழுக்க அழிச்சிட்டேன் ஆன்ட்டி.

அப்புறம் எங்க வகுப்பு ஷப்ராஸ் வந்தான். என் எழுத்து இன்னும் லேசாத் தெரியுது, அதுக்கு மேலயே அதே நாலு வரிய எழுதுறான். அவன்கிட்டயும் "ஷுவரா?". "யெஸ் சேர்"னுட்டுப் போய் உக்காந்துட்டான். அந்த மனுசன் எல்லார்கிட்டயும் அதத்தான் கேப்பாரு. டீக்கு சீனி போட்டாச்சுன்னாலும் ஷுவரானு கேப்பாரு. இது எனக்குத் தெரியாதா? நல்லாத் தெரியும்...

ஸ்பெஷல் டிகிரிக்குக் கணக்குத்தான் கேட்டிருக்கேன். வேற எதுலயும் எனக்கு மனசு ஒட்டல. "திங்கக்கிழம திரும்ப எழுது, அழிக்காம நின்னா எடுத்துக்கிறேன்"னு சொல்லியிருக்காரு. எழுதிருவேன். நிக்கிறதுதான்...

என்ன ஆன்ட்டி? புசல்லாவைக்கா? நானும் அங்கதான். இது போகும். சின்னதுலருந்து இந்த பஸ்லதான் போறேன்.

ஷுவராவா?

அது... ஏறும்போது பஸ்ல போட்டிருந்த ஊர்ப் பேர் பாக்கலையே. கண்டக்டர் நுவரெலியானு கத்துனாரு. ஆனா புசல்லாவைக்கு வராம ஹட்டன் பக்கமாச் சுத்திப் போறதும் இருக்கு... இருங்க, கேட்டுச் சொல்றேன். எதுக்கு எந்திரிக்கிறீங்க? இது கம்பளை ஆன்ட்டி, இங்க எறங்கி என்ன...

எறங்கிட்டாங்களே! ஆன்ட்டி, இங்க, ஜன்னல்ல பாருங்க! முன்னுக்கு இருக்கிற ஐயாவுக்கு, புசல்லாவையத் தாண்டி இருக்கிற ரம்பொடைக்கு டிக்கட் குடுத்திருக்காங்க. புசல்லாவைக்குப் போகாதுனு வச்சுக்குங்க, அப்ப இந்த ரோட்டுல ரம்பொடைக்கு எப்படிப் போறது? முட்டுதா இல்லையா? இதுதான் பஸ், ஏறுங்க. ஷுவர் ஆன்ட்டி, ஷுவர்...

பஸ்ஸ எடுத்துட்டானே.