கோல்கீப்பரை வீட்டுக்கு அனுப்பலாமா?

மலேசியாவில், கோல சிலாங்கூரிலிருந்து சபாக் போகும் பஸ்ஸில், ஒரு காலை, எனக்கு முன்னால் இரண்டு தோட்டத் தொழிலாளர்கள் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். தேசியக் கால்பந்துக் குழு போன வாரம் மூன்று கோல் வாங்கித் தோற்றிருந்தது. கோல்கீப்பர் எங்கள் வட்டாரத்துக்காரர். வயது முப்பத்தாறு.

"குனியவே முடியல, இன்னும் எதுக்கு நிக்கிறாரு? ரிட்டயர் ஆகச் சொல்லுலா," என்றார் மீசைக்காரர்.

தொப்பி போட்டிருந்தவருக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்கப்பா அறுபது வயசு வரைக்கும் ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுனாரு. போய்ப் படுன்னு கணக்கெழுதுற எந்தக் கிராணியாவது சொன்னானா? பன்னெண்டு வருஷமா நம்ம மானத்தக் காப்பாத்துன மனுஷன்டா! ஒரு தோல்விக்கு விரட்டுவியா?"

"மரம் ஓடாதுலா. பந்து ஓடுதே!"

பக்கத்து இருக்கையில் மீன்கூடையோடு இருந்த பெண் சட்டென்று திரும்பினார். "நான் அந்தக் கோல்கீப்பரு சம்சாரம்."

தொப்பிக்காரரை முறைத்தார்.

"மானமாம் மானம்! முட்டியில ஊசி போட்டுக்கிட்டு ஆடுறாரு. வீட்டுப் படி ஏற என் தோளப் பிடிக்கிறாரு. போதும்னு சொன்னா, சனங்க ஏசுவாங்கன்றாரு. நீங்களே வந்து சொல்லுங்க."

மீசைக்காரர் தலைகுனிந்தார். மற்றவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பணிவாகக் கேட்டார்: "சொல்றோம்மா. ஆனா ஞாயித்துக்கிழமை மேட்ச் மட்டும் ஆடிருவாருல்ல?"

அந்த அம்மா மணியை அடித்துவிட்டு எழுந்தார்.

"உங்க முட்டியக் குடுங்க. ஆடச் சொல்றேன்."