கஸ்ஸின் சிவப்புப் புள்ளி

எனக்குப் படிக்க மட்டும்தான் கண்ணாடி வேண்டும், ஐயா. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். நேற்று நோரீன் உங்களிடம் வேறு மாதிரி சொல்லியிருப்பாள். புருஷன் கஸ்ஸைப் பறிகொடுத்தவள், அவளை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஆற்றுக்கு அக்கரையில் நிற்கிற கொக்கை இன்றைக்கும் என்னால் அடையாளம் சொல்ல முடியும்.

கஸ்ஸின் பிஸ்டலைச் சோதனைக்கு அனுப்பப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். எதற்கு வீண் சிரமம்? அதில் என்ன இருக்கிறது என்று நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் புரியும். குறுக்கே பேசாதீர்கள். கஸ்ஸும் இப்படித்தான், ஒரு வாக்கியத்தை முடிக்க விடமாட்டான்.

நாங்கள் இரண்டு பேரும் அந்த மீன்பிடி முகாமைச் சேர்ந்து நடத்தினோம். நோரீன் சமையல். கோடையில் சால்மன் மீன் ஆற்றில் எதிரேறி வரும்போது தெற்கே மற்ற மாநிலங்களிலிருந்து விருந்தாளிகள் வருவார்கள். அதே மீனுக்குக் கரடியும் வரும். அதனால் வழிகாட்டி மார்பில் கட்டிய துப்பாக்கி இல்லாமல் ஆற்றில் இறங்கமாட்டான். அலாஸ்காவில் பிறந்த உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

என்னுடையது ரிவால்வர். குறி பார்க்கக் குழலின் மேல் பின்னால் ஒரு பள்ளம், அதைச் சுற்றி வெள்ளைக் கோடு. முன்னால் சிவப்பு பூசிய ஒரு தகடு. தகட்டைப் பள்ளத்துக்கு நடுவில் நிறுத்து, மேல்விளிம்பைச் சமமாக வை, விசையை அழுத்து. அவ்வளவுதான். இரும்பு மழையில் நனையும், துடைத்தால் காயும். பேட்டரி கேட்காது. கஸ்ஸும் இதே மாதிரிக் குறியைத்தான் வைத்திருந்தான். அப்புறம் அவனுக்கு வயசாயிற்று. முன் தகடு மங்கலாகத் தெரிகிறது என்று ஒரு குளிர்காலம் முழுக்கப் புலம்பினான். அடுத்த வசந்தத்தில் புதுப் பிஸ்டலோடு வந்தான். மேலே கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கண்ணாடி. அதற்குள் ஒரு சிவப்புப் புள்ளி. புள்ளியை எங்கே வைக்கிறாயோ அங்கே குண்டு போகும். பழைய இரும்புக் குறிகளைக் கழற்றி மீன் குடல் வாளியில் போட்டான். கையில் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை.

"ஆர்லோ, கண்ணுக்கு ஒரு நேரத்துல ஒரு தூரம்தான் தெளிவா தெரியும்டா. உன் துப்பாக்கியில மூணு இடத்தைப் பாக்கணும். இதுல கரடியை மட்டும் பாத்தா போதும்" என்றான்.

"கண்ணாடியில மழை விழுந்தா?"

"தொடைப்பேன்."

"கரடி காத்துக்கிட்டு இருக்குமா?"

"நீ வாயை மூடுவேன்னா எந்தக் கரடியும் காத்துக்கிட்டு இருக்கும்."

விருந்தாளிகள் சிரித்தார்கள். அவன் எதைச் சொன்னாலும் விருந்தாளிகள் சிரிப்பார்கள்.

நான் பிடிவாதக்காரன் என்று ஊரில் சொல்வார்கள். அபாண்டம். நான் மற்றக் குறிகளையும் போட்டுப் பார்த்தேன். முதலில் பச்சையாக ஒளிரும் ஒரு குச்சியை முன்னால் பொருத்தினேன். வெயிலில் அழகாகத்தான் இருந்தது. படகு விளிம்பில் ஒரு தட்டு, குச்சி ஒடிந்தது. அப்புறம் இருட்டில் தானே ஒளிரும் புள்ளிகள், பின்னால் இரண்டு, முன்னால் ஒன்று. மங்கிய வெளிச்சத்தில் மூன்றும் மின்மினி மாதிரி ஒன்றோடொன்று கலந்துபோயின, எது முன்னால், எது பின்னால் என்று தேட வேண்டியிருந்தது. அதையும் கழற்றினேன். பழைய இரும்புக்கே திரும்பினேன். கஸ் ஒவ்வொரு தடவையும் பார்த்துக்கொண்டே இருந்தான். "என்ன ஆர்லோ, இந்த வாரம் என்ன கலர்?" என்பான். பெண்டாட்டிக்குக் கவுன் பார்க்கிறவனைக் கேட்பது மாதிரி. எரிச்சல் வருமா வராதா, நீங்களே சொல்லுங்கள்.

அவனிடம் எத்தனையோ தடவை நிதானமாக எடுத்துச் சொன்னேன். செவிடன் காதில் சங்கு. இந்த ஜூலையில் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், டெக்சாஸ் விருந்தாளிகள் எதிரில் சொன்னான்: "அடுத்த வருஷம் நம்ம வழிகாட்டிங்க எல்லாருக்கும் கண்ணாடிக் குறிதான். பிடிக்காதவங்க படகையும் பாத்திரத்தையும் பாத்துக்கலாம்." வழிகாட்டிகள் எல்லாரும் என்றால் யார்? அவனும் நானும்தான். நோரீன் என் தட்டில் இன்னொரு கரண்டி உருளைக்கிழங்கு வைத்தாள். "அவர் உங்க நல்லதுக்குத்தான் சொல்றார், ஆர்லோ. போன வாரம் நீங்க தட்டையே அடிக்கலையே" என்றாள்.

அந்தத் தட்டு விஷயம் இதுதான். தினமும் காலையில் ஆற்றுக்குப் போவதற்கு முன் நாங்கள் இரண்டு பேரும் கொட்டகைக்குப் பின்னால் ஆளுக்கொரு காகிதத் தட்டைச் சுடுவோம். குறி அசையாமல் இருக்கிறதா என்று பார்க்கத்தான். ஒரு நாள் எனக்குத் தட்டில் படவில்லை. காற்று அடித்தது. அதை அவன் வீட்டுக்குள் போய்ச் சொல்லியிருக்கிறான்.

"அப்ப தட்டே முடிவு பண்ணட்டும்" என்றேன். "ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், விருந்தாளிங்க முன்னாடி. நான் ஜெயிச்சா இந்தக் கண்ணாடிப் பேச்சு இனிமே வரக் கூடாது. நீ ஜெயிச்சா நான் படகு ஓட்டறேன்."

"அழுவாம ஓட்டணும்" என்றான்.

சனிக்கிழமை சாயங்காலம் அவனும் நோரீனும் புகைக்கொட்டகையில் மீன் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். பிஸ்டல் வீட்டுக்குள் ஆணியில் மாட்டியிருந்தது. அந்தக் கண்ணாடிப் பெட்டியின் ஓரத்தில் இரண்டு சின்னத் திருகுகள் உண்டு. ஒன்று மேல் கீழ், ஒன்று இடம் வலம். இரண்டையும் கோடி வரைக்கும் திருப்பினேன். பார்த்தால் ஒன்றும் தெரியாது. புள்ளி பழையபடி சிவப்பாகவே எரியும். குண்டு மட்டும் வேறு எங்கோ போகும். இவ்வளவு சுலபமாகப் பொய் சொல்ல வைக்க முடிகிற ஒரு பொருளை நம்பித்தான் அவன் என்னைப் படகுக்குத் தள்ளப் பார்த்தான். அதை அவனுக்குக் காட்ட வேண்டும் என்பதற்கு மேல் எனக்கு வேறு எண்ணம் கிடையாது. தட்டுப் போட்டி முடிந்ததும் நானே சொல்லியிருப்பேன். சிரித்திருப்போம்.

மத்தியானப் போட்டிக்கு முந்தின நாளே ஏன் திருப்பினாய் என்று கேட்பீர்கள். விடிந்தால் அவன் அதை மார்பிலிருந்து கழற்றவே மாட்டானே. வேறு எப்போது செய்வது?

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் வழக்கம்போலக் காகிதத் தட்டை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் கிளம்பினான். நான் தடுத்தேன். "விருந்தாளிங்க அசந்து தூங்கறாங்க. விட்டுடு. மத்தியானம்தான் சுடப் போறோமே" என்றேன். அவன் நல்ல மனுஷன், பிறர் தூக்கத்தைக் கெடுக்கப் பிடிக்காது. தட்டை வைத்துவிட்டுக் காபி ஊற்றிக்கொண்டான். எனக்கும் ஒரு கோப்பை கொண்டுவந்து கொடுத்தான்.

நாங்கள் ஆற்றுக்குப் போனபோது தூறல். டெக்சாஸ்காரர்களைப் படகில் உட்காரவைத்து முழங்கால் ஆழத்தில் நங்கூரம் போட்டோம். அவர்கள் பிடித்த மீனைக் கழுவக் கஸ் சரளைக் கரைக்கு முன்னால் நடந்தான். நான் பின்னால், கொஞ்சம் வலப்பக்கமாக. புதருக்குள்ளிருந்து பெண் கரடி வந்தது. கூடவே குட்டி இருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். நேராக அவனைப் பார்த்து ஓடிவந்தது.

எங்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. முன்னால் நிற்பவன்தான் சுடுவான். அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஒழியப் பின்னால் நிற்பவன் சுடக் கூடாது. அவசரத்தில் சொந்த ஆளையே சுட்டுவிட்ட கதைகள் இந்த ஆற்றங்கரை முழுக்க இருக்கின்றன. உங்களிடம் நேற்று எழுதிக் கொடுத்ததும் அதுதான்: கஸ் கூப்பிடவில்லை, அதனால் நான் சுடவில்லை. படகிலிருந்தவர்களும் ஆற்று இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை என்றார்கள்.

அவன் சுட்டான். தண்ணீர் தெறித்தது. மறுபடி சுட்டான், இடப்பக்கத்துச் சரளை பறந்தது. கண்ணாடியைக் கட்டைவிரலால் துடைத்தான். அவனுடைய கை நடுங்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். புள்ளியைக் கரடியின் நெஞ்சில் அழகாகத்தான் வைத்திருப்பான். மூன்றாவதும் போனது. கரடி அவனைத் தள்ளி மேலே ஏறியது.

என் ரிவால்வர் கையில் இருந்தது. பள்ளம், தகடு, கரடியின் தோள், எல்லாம் ஒரே கோட்டில். குறுக்கே கஸ் இல்லை. அந்தத் தூரத்தில் யாரும் தவறவிட முடியாது.

அவன் கூப்பிட்டான், ஐயா.

"ஆர்லோ, சுடுடா" என்றான்.

"உன் புள்ளி என்ன ஆச்சு?" என்று கேட்டேன். கத்தவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டேன். ஆறு அவ்வளவு சத்தம் போட்டும் அவனுக்குக் கேட்டது. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். இன்னொரு தடவை என் பேரைச் சொன்னான்.

"எது நல்ல குறின்னு சொல்லு. சொன்னா சுடறேன்."

குறியை விலக்காமல்தான் நின்றேன். விரல் விசையில்தான் இருந்தது. அவன் சொன்ன உடனே சுட்டிருப்பேன், அதில் உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம். அவன் நோரீன் பேரைச் சொன்னான். அது நான் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. காத்திருந்தேன். அப்புறம் அவன் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் சுட்டேன், ஒரே குண்டு, கரடி அங்கேயே விழுந்தது.

திருகைத் திருப்பியது நான். காலைச் சுடுதலைத் தடுத்தது நான். கூப்பிட்டும் சுடாதது நான். மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்று. இரும்புக் குறி என்று ஒரே ஒரு வார்த்தை. உயிர் போகிற நேரத்திலும் அவன் வாயிலிருந்து அது வரவில்லை. இவ்வளவு பிடிவாதக்காரனோடு இத்தனை கோடை எப்படித்தான் குப்பை கொட்டினேனோ, எனக்கே தெரியவில்லை.