அறுபது கிலோ

2013 மார்ச் பதினொன்று, மாலை ஐந்து பத்து. கல் குவாரிச் சாலையின் நான்காவது கிலோமீட்டரில், எடை மேடை அலுவலகத்தில் கணினி இயங்கவில்லை.

என் நண்பனின் பெரிய மாமாவுக்கு நடந்தது இது. நண்பனைக் கேட்டால் எழுந்து போய்விடுவான். அதனால் நான் சொல்கிறேன். விளக்கை அணைத்தது யார்... சரி, இருக்கட்டும்.

ஒரு பக்கம் முள்வேலி, ஒரு பக்கம் பள்ளம். நடுவே கல்தூசி படிந்த சாலை. அதன் ஓரத்தில், தரையோடு தரையாக ஓர் இரும்பு மேடை. லாரி ஏறி நின்றால் உள்ளே திரையில் எடை வரும், சீட்டு அச்சாகும். மாமாவின் வேலை அவ்வளவுதான். அவரும் தம்பியும் இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஓர் அறையில் தங்கியிருந்தார்கள். தம்பியைக் குச்சி என்பார்கள். குவாரியில் இரவுக் காவல், பகலெல்லாம் தூக்கம். வேலைக்குப் போகும் வழியில் மேடையில் ஏறி நிற்பான்.

"எவ்வளவுண்ணே?"

"அறுபது. திங்கிறதெல்லாம் எங்கடா போகுது?"

எப்போதும் அறுபதுதான்.

கணினியின் மதர்போர்டு போய்விட்டதால் மெக்கானிக் ஒரு பழைய போர்டை மாட்டியிருந்தார். எதிலிருந்து கழற்றியது என்று சொல்லவில்லை. பொத்தானை அழுத்தினால் நீளமாக ஒரு பீப், குட்டையாக இரண்டு. திரை கறுப்பு. பெட்டியின் பக்கவாட்டில் பளாரென்று ஓர் அறை விட்டால்... குட்டையாக ஒரே பீப். எழுந்துவிடும்.

"அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் சார்," என்று சிரித்துவிட்டுப் போனார் மெக்கானிக்.

அந்த மாலை மாமா அறைந்தார். எழுந்தது. திரையில் எடை அறுபது. எட்டிப் பார்த்தார். மேடையில் யாருமில்லை. கொஞ்ச நேரத்தில் பூஜ்யத்துக்கு இறங்கியது.

ஏழு மணிக்கு அறைக்குப் போனால், குச்சியின் கன்னத்தில் ஐந்து விரல்.

"எவன்டா அடிச்சான்?"

"தெரியலண்ணே. தூங்கிட்டிருந்தேன். சுளீர்னு விழுந்துச்சு. கதவு உள்ள தாழ் போட்டிருந்துச்சு."

அடுத்த வாரம் அறைந்தும் பெட்டி மசியவில்லை. முஷ்டியால் குத்தினார். அன்று குச்சியின் முன்பல் இரண்டு தலையணையில் கிடந்தன. அறை முழுக்கக் கருகின வயர் நாற்றம்.

வாயைத் துணியால் பொத்திக்கொண்டு குச்சி கேட்டான்.

"மூணே காலுக்கு அந்தப் பெட்டியை அடிச்சியா?"

மாமா முஷ்டியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"இனிமே அடிக்காதண்ணே. அடுத்தது நான் தாங்க மாட்டேன்."

தம்பி தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார்.

பதினாறு நாள் காப்பாற்றினார். பெட்டி எழும்வரை பொத்தானை ஐம்பது தடவைகூட அழுத்துவார். பீ...ப். பீப், பீப். வேறு போர்டு கேட்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டால், நாளைக்கு, நாளைக்கு.

பதினேழாம் நாள், நடுப்பகல். பதினான்கு லாரிகள் வரிசையில். ஹாரன் நிற்கவே இல்லை. டிரைவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள்.

"என்னய்யா, பெட்டி முன்னாடி தவமா?"

"நாலு சாத்து சாத்துவியே, இன்னிக்கு என்ன கொஞ்சிட்டிருக்கே?"

"அதை அடிக்கக் கூடாதுங்க," என்றார் மாமா.

ஒருவன் சட்டையைப் பிடித்தான். மூக்கில் குத்து, வயிற்றில் உதை. மேசை சரிந்தது. விழுந்தவரின் கைக்கு யாரோ வைத்திருந்த வீல் ஸ்பேனர் அகப்பட்டது. எழுந்தார். உதைத்தவனை அவர் பார்க்கக்கூட இல்லை. பெட்டியைத்தான் அடித்தார். ஒன்று. இரண்டு. தகரம் உள்ளே குழிந்தது. மூன்று.

பீப்.

டிரைவர்கள் கைதட்டினார்கள். முதல் லாரி இன்னும் மேடையில் ஏறவில்லை. திரையில் அறுபது.

மாமா ஸ்பேனரோடு இரண்டு கிலோமீட்டர் ஓடினார்.

அறை உள்ளே தாழிட்டிருந்தது. அக்கம்பக்கத்தார் வந்து கதவை உடைத்தார்கள். கட்டிலுக்கு அடியில் குச்சி சுருண்டு கிடந்தான், இரண்டு கையாலும் தலையை மறைத்தபடி. விரல்கள் நொறுங்கியிருந்தன. மண்டையில் மூன்று குழி.

அந்த நேரத்தில் மாமா எடை மேடையில் இருந்ததாகப் பதினான்கு டிரைவர்களும் சாட்சி சொன்னார்கள். போலீஸ் அவரை விட்டுவிட்டது. கணினியைத் தூக்கிப்போட்டுப் புதிது வாங்கினார்கள். அது அடிக்காமலே எழுகிறது. ஆனால் காலி மேடை பூஜ்யம் காட்டவில்லை. எடை சரிபார்ப்பவர் மூன்று முறை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

இப்போது அங்கே ஒவ்வொரு லாரிக்கும் அறுபது கிலோ கழித்துத்தான் சீட்டு தருகிறார்கள்.