நீர்க்கோடுகளுக்குள் ஒரு வட்டம்

சாரல் தொடங்கிவிட்டால் எங்கள் பக்கம் மொட்டைத் தலைகளுக்குக் குறைவில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. இலஞ்சிக் கோயிலில் முடி இறக்கிவிட்டு நேரே குற்றாலத்துக்குக் குளிக்க வந்துவிடுவார்கள்.

தென்காசியில் நான் போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். கல்யாணப் படங்கள் பிழைப்புக்கு. இருட்டறையில் எனக்காகச் சில சோதனைகள் செய்வேன். மருந்துத் தண்ணீரில் படம் தெளிந்துவரும்போது ஒரு கணம் விளக்கைப் போட்டு அணைத்தால், முகம் கறுத்துக் கரைந்து விளிம்பு மட்டும் நிற்கும். முகம் போன பிறகு மனிதர்கள் அழகாகிவிடுகிறார்கள்.

எண்பத்திரண்டு ஆடியில் செண்பகாதேவி அருவிக்குக் கீழே ஒரு பிணம் ஒதுங்கியது. மொட்டைத் தலை, இன்னாரென்று தெரியவில்லை. போலீசார் படமெடுக்க என்னை அழைத்தார்கள். எடுத்தேன். அச்சுப் போடும்போது விளக்கைப் போட்டு அணைத்தேன். தண்ணீரில் ஊறிய உடம்பு படத்தில் இப்படித்தான் விழும் என்றேன். ஏட்டையா நம்பினார்.

புதைத்த பிறகுதான் திருவேங்கடத்திலிருந்து பாலம்மாள் வந்தாள். புருஷன் தளவாய் வீடு திரும்பவில்லை. படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"இது அவுக இல்ல."

நெற்றிக் குங்குமத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அந்தக் குங்குமத்தைக் காப்பாற்றியவன் நான்தான் என்று இன்றும் நினைக்கிறேன்.

இந்த வருடம், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணக் கூட்டப் படம் ஒன்றோடு என் கடைக்கே வந்தாள்.

"நாங்க ரெண்டு பேரும் சேந்து ஒத்தப் படம் கிடையாது, அண்ணாச்சி. இதுல உள்ள அவுக முகத்த என் பக்கத்துல ஒட்டிக் குடுங்க. திரும்பி வந்து பாத்தா சந்தோசப்படுவாக."

இப்படி இணைத்துத் தருவது எங்களுக்கு வழக்கமான வேலை. ஆனால் அந்தப் படத்தில் தளவாய் வாய் மூடி, கடுகளவு இருந்தார். பெரிதாக்கினால் வெறும் புள்ளிகள். மோசமான முகத்தை ஒட்ட எனக்கு மனம் வரவில்லை. என்னிடம் நல்ல முகம் இருந்தது, சிரிக்கிற முகம். தூரிகையால் தலைமுடி வரைந்தேன். முன்பல்லில் சின்னதாக ஒரு முக்கோணம் உடைந்திருந்தது. அழகாக இருந்ததால் தொடவில்லை.

பாலம்மாள் படத்தை வாங்கிச் சிரித்தாள். பிறகு நிறுத்தினாள்.

"இந்தப் பல்லு அவுக கிளம்புன அன்னைக்கு விடியக்காலம்லா மாடு முட்டி உடைஞ்சுது? நீங்க எங்கன வச்சு பாத்தீய?"

அவள் படத்தோடு நேரே உங்களிடம் வந்துவிட்டாள்.

அவர் வீட்டைவிட்டுக் கிளம்பிய அன்று, அருவிக்குப் போகும் வழியில்தான் தளவாயைப் பார்த்தேன். விழுகிற தண்ணீரின் கோடுகளுக்கு நடுவே எனக்கு ஒரு வட்டம் தேவைப்பட்டது. கேட்டதும் சிரித்தார்.

"மொட்டையில என்ன அழகக் கண்டீரு வேய்? படத்துல என் மூஞ்சி தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப எடும். பாக்கவன் பயப்பட மாட்டான்."

அந்தச் சிரிப்பை முதலில் எடுத்தேன். பிறகு தண்ணீருக்குள் போகச் சொன்னேன்.

"பாசி வழுக்குதுவே."

"இன்னும் ஒரு எட்டு" என்றேன்.

வழுக்கினார். பாறை விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையை என்னை நோக்கி நீட்டினார். எட்டும் தூரம்தான். என் இரு கைகளும் கேமராவில் இருந்தன. சுருளில் கடைசிப் படம் மிச்சமிருந்தது. எடுத்தேன்.

அந்த நெகட்டிவைத்தான் உங்கள் மேசையில் வைத்திருக்கிறேன். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், ஐயா. ஒரு வட்டம். அதைச் சுற்றி நீளக் கோடுகள். ஓரத்தில், விரிந்த ஐந்து சிறிய கோடுகள். அதில் ஆள் யாரும் இல்லை.