ஊனா டெவனியோட அக்கா

இல்ல மேடம், நான் அவுங்கள பாத்ததே இல்ல. செத்து ரொம்ப வருஷம் ஆச்சி. ஊனா டெவனின்னு பேரு, அயர்லாந்துல பொறந்து நாவல் எழுதுனவங்க. நான் சொல்றதெல்லாம் எங்க சுப்பராயலு சார் கிளாஸ்ல சொன்னது. அவரே யாரோ சொல்லிக் கேட்டதுதான். அப்படியே நம்பிடாதீங்க.

எம்.ஏ. மேடம், இங்கிலீஷ் லிட்ரேச்சர். எங்க வீட்டுல நான்தான் ஃபர்ஸ்ட். அம்மா அண்ணாகிராமத்துல முந்திரி ஒடைக்கப் போவுது.

தண்ணி வேணாம் மேடம், இருக்கு.

அந்தம்மா ஊரு கடலோரம். நம்ம தேவனாம்பட்டினம் மாதிரின்னு வெச்சிக்குங்க, ஆனா எப்பவும் மழ, எப்பவும் குளுரு. லண்டனுக்குப் போயி ஓட்டல்ல ரூம் கூட்டிப் பெருக்கிக்கிட்டே மொத நாவல எழுதுனாங்களாம். அவுங்க அக்கா புருஷன் கறிக்கடக்காரன். குடிச்சிட்டு அடிப்பான். அதத்தான் எழுதுனாங்க. ஊருல யாரு பொஸ்தகம் வாங்கப் போறான்னு தைரியம். ஆனா அந்த ஊரு சர்ச் ஃபாதர் கையில கெடச்சிடுச்சி. ஞாயித்துக்கெழம பூசையில நின்னு, நம்ம மானத்த ஒருத்தி வித்துட்டான்னு பக்கம் பக்கமா வாசிச்சிருக்காரு. அக்கா, புருஷன், ரெண்டு பேரும் அங்கதான் ஒக்காந்திருந்தாங்களாம்.

அப்புறமும் எழுதுனாங்க, எட்டு நாவல். எல்லாத்துலயும் ஒரு பொம்பள கதவுக்கு அந்தாண்ட நிப்பா, கடைசி வரைக்கும் பேச மாட்டா. என் புராஜெக்ட்டே அதப் பத்தித்தான். நல்ல மார்க்கு போட்டாங்க.

ஆலப்பாக்கமா? அதுக்குள்ளயா? இந்த பஸ் டிரைவர் ஏன் இப்டி ஓட்றாரு.

நானும் ஒரு கத எழுதுனேன் மேடம். சின்ன பத்திரிகைல வந்துச்சி. எங்க கயல்விழி அக்கா கத. பேர மாத்துனேன். ஊர திட்டக்குடின்னு போட்டேன். மே மாசத்துல முழுக்கை ஜாக்கெட் போட்டுக்கிட்டு நிக்கிறதையும், சார்ஜர் ஒயரால அடிக்கிறதையும் மட்டும் மாத்தல. மாத்துனா பொய்யாயிடும்னு தோணுச்சி. எங்க வீட்டுல பேப்பர் படிக்கிற ஆளே கெடையாது, அந்தத் தைரியம். யாரோ யூடியூப்காரங்க, நல்ல கதன்னு மியூசிக்லாம் போட்டு வாசிச்சி விட்டுட்டாங்க. எங்க இளவரசு மாமா, அக்கா புருஷன், சிதம்பரத்துல ஷேர் ஆட்டோ ஓட்றாரு. நாள் முழுக்க காதுல ஹெட்செட்தான்.

காலைல வாய்ஸ் அனுப்பியிருக்காரு. வேணாம், நீங்க கேக்க வேணாம், நானே சொல்றேன். கத சூப்பரு கொழுந்தியா, நானும் உங்கக்காவும் ஒண்ணா ஒக்காந்து கேட்டோம், முடிவுதான் சரியில்ல, அத நான் வெக்கிறேன்னு. சிரிச்சிக்கிட்டே சொல்றாரு. கத்தியிருந்தா கூடப் பரவால்ல. அப்பலேந்து அக்கா போன் சுவிச் ஆஃப்.

அப்பாகிட்டயா? மாப்ள கோவக்காரருன்னு தெரியுமில்ல, நீ ஏன் எழுதுனன்னுதான் கேப்பாரு.

பஸ் ஏறுறதுக்கு முன்னாடி ஒண்ணு தேடிப் பாத்தேன். அந்த டெவனியோட அக்கா அப்புறம் என்ன ஆனாங்கன்னு சாரும் சொல்லல, நானும் கேக்கல. புராஜெக்ட்ல ஒரு வரி கூடப் போடல. நெட்ல இருக்கு மேடம். மொத நாவல் வந்த வருஷமே எறந்துட்டாங்க. எப்படின்னு போடல.

முட்லூர் தாண்டிடுச்சி. சிதம்பரத்துலதான எறங்குறீங்க? இல்ல இல்ல, புகார் குடுக்க இல்ல. அக்கா எப்டி இருக்கான்னே தெரியாம என்னன்னு குடுக்கறது? பஸ்ல இத்தன சீட்டு காலியா கெடக்கு, நீங்க காக்கியில இருக்கறதப் பாத்துதான் இங்க வந்து ஒக்காந்தேன். பஸ் ஸ்டாண்டுலேந்து அக்கா வீடு ஒரு தெரு தூரந்தான் மேடம். நீங்க ஒண்ணும் பேச வேணாம். நான் அக்கான்னு கூப்புடும்போது பக்கத்துல நின்னா போதும்.