மண்ணாங்கட்டியோட இடுப்புக் காசு

மத்தியானம் பன்னண்டு மணி... ராத்திரி இல்ல, நல்லா கேட்டுக்கோங்க. ராத்திரிப் பேயின்னா வெளக்கு ஏத்தி வெச்சிக்கலாம். உச்சி வெயில்ல வர்றதுக்கு இன்னா பண்ணுவே?

கோட்டூர் பக்கம் ஆத்தங்கரையோரம் போற மண் ரோடு. ஒரு பக்கம் பனமரம், ஒரு பக்கம் தண்ணி. ஆளு இல்ல. காக்கா கூட வாயத் தொறந்துக்கினு கம்முனு குந்திக்கினு கீது. அந்த ரோட்ல ஒரு குதிர வண்டி வந்து நிக்குது...

இரு இரு. ஷகீலா, அந்தக் கதவ நல்லா சாத்து, சாரல் அடிக்குது. ஆத்துத் தண்ணி இந்தப் பள்ளிக்கூடம் வரைக்கும் ஏறாது, போன மழைக்கும் இங்கதான குந்திக்கினு இருந்தோம், செத்தா பூட்டோம்? புள்ளைங்கள மடில போட்டுக்கோங்க. கதை கேட்டே ஆவணும்னு நீங்கதான் உயிர எடுத்தீங்க, அப்பால என்னியத் திட்டக் கூடாது. நான் சொல்றது பொய்யின்னா தோ செண்பகத்தக் கேளுங்க. சொவத்துல சாஞ்சிக்கினு தூங்கற மாதிரி நடிக்கிறா பாரு, அவளத்தான். அவ ஓர்ப்படி தாயம்மா கண்ணால பாத்தது இது.

வண்டியில வந்தவரு வேதாசலம், வக்கீலு. மயிலாப்பூர் லஸ் பக்கம் பெரிய வூடு. தாயம்மா அங்கதான் பெருக்கி மொழுவி ஏனம் கழுவிக்கினு இருந்தா. அந்தாளுக்குக் குடி இல்ல, சீட்டாட்டம் இல்ல. பைத்தியம் ஒண்ணே ஒண்ணுதான்... பழைய காசு. ராஜா காலத்துக் காசு. பெருமாள் நிக்கிற காசு, சிவனும் அம்மனும் ஜோடியா குந்தியிருக்கற காசு, அனுமாரு, கருடன், யாளி, எல்லாத்தையும் அலமாரியில வெல்வெட்டு மேல படுக்க வெச்சிருப்பாரு. வூட்ல ஒரு வெளக்கு ஏத்திக் கும்புட மாட்டாரு. சாமிய பூதக்கண்ணாடி வெச்சிப் பாக்கறதோட சரி.

அவருகிட்ட இல்லாதது கண்டபேரண்டம். ரெண்டு தலப் பட்சி. ரெண்டு மூக்குலயும் ஆளுக்கொரு யானையக் கவ்விக்கினு நிக்குமாம். அந்த மாதிரி ஒரு செப்புக் காசு ஆத்தங்கரையில வேலம்மா கொழந்த இடுப்புல கீதுன்னு தாயம்மாதான் பேச்சுவாக்குல சொல்லிட்டா. அதச் சொன்ன வாயில இன்னிக்கு வரைக்கும் அடிச்சிக்கிறா.

வேலம்மா நம்மள மாதிரிதான். குடிசை, ஒரு அருவா, ஒரு கூடை. புல்லறுத்து ஜட்கா ஸ்டாண்டுல வித்துப் பொழைச்சிக்கினு இருந்தா. அவளுக்கு மூணு பொறந்து மூணும் பூட்ச்சி. மூணும் பட்சி தோசம். அந்தி நேரத்துல கொழந்த மேல பறவை பறந்துச்சின்னா வருமே, அதான்... மணிக்கட்டு தொங்கிடும், பச்சையா வெளிக்குப் போவும், கடைசில கழுத்து நிக்காது. நாலாவது பொறந்தப்போ எமனுக்கே அருவருப்பா இருக்கட்டும்னு மண்ணாங்கட்டின்னு பேரு வெச்சா.

அவ புருசன், மாம்பலம் ஏரியத் தூத்துத் தியாகராய நகரு போட்டாங்களே, அதுல மண்ணு சொமந்தவன். அந்த மண்ணுல கெடைச்ச காசு அது. பட்சி தோசத்துக்கு ரெண்டு தலப் பட்சிய விட இன்னா காவலு வோணும்? ஓட்ட போட்டு, கருப்புக் கவுத்துல கோத்து, கொழந்த இடுப்புல கட்டிட்டு அவன் பெனாங்குக் கப்பல் ஏறிப் பூட்டான். இந்தக் கொழந்த நின்னுச்சி. கொழுகொழுன்னு ஆச்சி, தவழ ஆரமிச்சிது.

குடிசை வாசல்ல ஒடஞ்ச படகுப் பலகை போட்டிருப்பா. அது மேல தவழும்போது காசு தொங்கித் தொங்கித் தட்டும். டக்... டக்... டக். வேலம்மா கரையில புல்லறுத்துக்கினே காத அங்க வெச்சிருப்பா. சத்தம் வந்தா புள்ள கீதுன்னு அர்த்தம்.

வக்கீலு மொதல்ல வெலைக்குத்தான் கேட்டாரு. மாட்டேன்னுட்டா. "மூணு புள்ளய வாரிக் குடுத்துட்டு நிக்கிறேன் எசமான். இதுல மட்டும் கை வெக்காதீங்க"ன்னா. சரிம்மா, அரக்குல அச்சு மட்டும் எடுத்துக்கறேன்னாரு. கவுத்த அவுக்காமலே அரக்க உருக்கி ரெண்டு பக்கமும் அச்சு எடுத்துக்கினு நல்லவரு மாதிரி பூட்டாரு.

அப்பால ஒரு நாள் வந்ததுதான் நான் சொன்னேனே, அந்த உச்சி வெயிலு. கல்கண்டு பொட்டலத்தோட வந்தாரு. பூதக்கண்ணாடில ஒரே ஒரு தபா பாத்துட்டுக் குடுத்துடறேன், என் கையாலயே கட்டிடறேன்னாரு. அவளும் பாவம், பெரிய மனுசன் கெஞ்சறானேன்னு வுட்டா. அவுத்தாரு. வெயிலுக்கு முதுகக் காட்டித் திரும்பிப் பாத்தாரு. திரும்பி வந்து கட்டினாரு... கட்டிட்டுக் கொழந்த கன்னத்தக் கிள்ளி முத்தம் குடுத்தாராம். அந்த முத்தத்த நெனச்சாத்தான் எனக்கு இன்னமும் வவுறு எரியுது.

அதுக்கப்புறம் அந்தக் கொழந்த மேல எந்தப் பட்சி பறந்துச்சோ. ஒரு சாயங்காலம் புல்லறுத்துக்கினு இருந்தவளுக்குச் சத்தம் கேக்கல. ஓடி வந்து தூக்கினா. மணிக்கட்டு தொங்குது.

அவ்ளோதான். அது எப்பிடிப் போவும்னு அவளுக்குத்தான் மூணு தபா தெரியுமே. மடில வெச்சிக்கினு குந்திக்கினே இருந்தா, கழுத்து சாயற வரைக்கும்.

புதைக்கறதுக்கு முன்னால இடுப்புக் கவுத்த அறுக்கணும்ல. புல்லருவாளால அறுத்தா. அருவா நழுவிக் காசு மேல பட்டுச்சி. செம்பா இருந்தா வழுக்கிக்கினு பூடும். இது வெண்ண மாதிரி அருவாள உள்ள வாங்கிச்சி. மேல செவப்புப் பூச்சு... உள்ள வெளுப்பு. அந்த அரக்கு அச்ச வெச்சி வார்த்த ஈயம்.

அவ ஈயக் காச கவுத்தோட சுருட்டிக் கொழந்த கையில வெச்சி, வெரல மடக்கி, குழியில எறக்கி மண்ணத் தள்ளினா. செண்பகம் பக்கத்துல நின்னுக்கினு இருந்தா. இப்போ கண்ணத் தொறந்துட்டா பாரு.

மறுநாள் மத்தியானம் லஸ்ல வக்கீலு வூட்டு கேட்டுல வந்து நின்னா. "என் காசக் குடுத்துடுங்க எசமான்"னா. அவரு நான் எடுக்கலன்னு கூடச் சொல்லல. மோர் குடிச்சிக்கினே சொன்னாராம், "கொழந்ததான் போயிடுத்தே. இனிமே காசு எதுக்கு உனக்கு?"

வக்கீலாச்சே, நாயமாத்தான் கேட்டாரு.

வேலம்மா கேட்டுக் கம்பிய வுட்டா. அப்பால மெதுவா, சண்ட போடற மாதிரி கூட இல்ல, சொன்னா... "அது காச உட்டு இருக்காது எசமான். தவழ்ந்து வந்துடும்." சொல்லிட்டுப் பூட்டா.

அந்த வூட்டுத் தரை செவப்பு சிமிட்டி. மத்தியானம் சாப்பாடு ஆயி எல்லாரும் படுத்துட்டா வூடே அடங்கிடும். தாயம்மா பின்கட்டுல ஏனம் கழுவிக்கினு இருக்கா. கூடத்துல சத்தம்... டக். நின்னுச்சி. டக்... டக். வக்கீலோட மக பிரசவத்துக்கு வந்தவ அங்கதான் இருந்தா, ஆம்பளப் புள்ள, இன்னும் குப்புற விழக்கூட இல்ல. தூளியில இருந்து விழுந்துச்சோன்னு தாயம்மா ஈரக் கையோட ஓடினா. தூளியில கொழந்த தூங்குது. தாயிம் தூங்குது. கூடத்துல யாரும் இல்ல.

ஆனா வாடை. வசம்பு வாடை... புளிச்ச பாலு வாடை. அந்த வூட்ல யாரு வசம்பு ஒரசறாங்க? அவங்களுக்கு எல்லாம் சீமை மருந்து. அவ நிக்கும்போதே மறுபடி ஆரமிச்சிது. அலமாரிகிட்டேர்ந்து வருது. டக்... டக்... டக். அவ காலாண்ட தாண்டிப் போவுது. தூளிக்கு நேரா அடியில போயி நின்னுச்சி.

தெனமும் உச்சிப் பொழுதுக்கு. வக்கீலு காதுலயும் விழுந்துச்சி. எலின்னாரு. அலமாரிக்குப் பெரிய பூட்டாப் போட்டாரு. பூட்டு போட்ட அலமாரி உள்ளேர்ந்து காசு எப்பிடி வெளிய வரும்னு கேளேன். தாயம்மா பெருக்க வந்தா அது கூடத்து நடுவுல கெடக்கும்.

அப்பால ஒரு காலையில பேரனுக்கு மணிக்கட்டு தொங்கிடுச்சி.

பெரிய பெரிய டாக்டரெல்லாம் மோட்டார்ல வந்தாங்க. ஊசி போட்டாங்க. கொழந்த துவண்டுக்கினே போவுது. சாமியவே நம்பாத மனுசன், பேரனோட வெள்ளி அரைஞாண்ல அந்தப் பட்சிக் காச தன் கையாலயே கட்டினாரு.  கொஞ்ச நேரத்துல பாத்தா முடிச்சு போட்டது போட்ட மாதிரியே கீது, காசு இல்ல. கூடத்து நடுவுல கெடக்குது. கம்பி போட்டு முறுக்கினாரு. முறுக்கு அப்பிடியே கீது... டக், டக்குன்னு அது தரையில போய்க்கினு கீது. அப்போதான் அந்தாளு வாய் விட்டு அழுதாரு.

அதே ரோடு. அதே உச்சி வெயிலு. வக்கீலு வண்டிய ரோட்ல நிறுத்திட்டுச் சேத்துல எறங்கி ஓடறாரு. பின்னால தாயம்மா, பேரன தோள்ல போட்டுக்கினு. வேலம்மா குடிசை வாசல்ல அந்தப் படகுப் பலகை மேல குந்திக்கினு இருந்தா. கையில அருவா.

அவ கால்ல விழுந்தாரு. லஸ்ஸு வக்கீலு, புல்லறுக்கறவ கால்ல. "தாயே, உன் காசு இந்தா. நீ உன் கையால கட்டு. நீ கட்டினாத்தான் நிக்கும். வேற எதுவானாலும் கேளு"ன்னாரு.

வேலம்மா கொழந்தையப் பாத்தா. தாயம்மா சத்தியம் பண்றா, அவ கை தன்னால நீண்டுச்சாம். கொழந்தையோட பாதத்தத் தொட்டாளாம். அந்தக் கட்ட வெரல ரெண்டு வெரலால புடிச்சிக்கினு கொஞ்ச நேரம் இருந்தாளாம். நாமளா இருந்தா கட்டிருப்போம். நீயும் கட்டிருப்பே, நானும் கட்டிருப்பேன். அவளும் கட்டிடுவான்னுதான் தாயம்மா நெனச்சா.

வுட்டா. கைய எடுத்து முந்தானையில தொடச்சா.

"என் கொழந்ததான் பூட்சே எசமான். இனிமே காசு எதுக்கு எனக்கு?"

சொல்லிட்டு அருவாள எடுத்துக்கினு கரையில எறங்கிப் புல்லறுக்கப் பூட்டா. திரும்பிக் கூடப் பாக்கல.

வண்டி லஸ் திரும்பறதுக்குள்ள தாயம்மா தோள்ல அந்தக் கொழந்தையோட கழுத்து சாஞ்சிடுச்சி. வக்கீலு பக்கத்துல குந்திக்கினு கீறாரு. செப்புக் காச அப்பிடியே உள்ளங்கையில வெச்சி மூடிக்கினு கீறாரு. வூடு வந்தும் தொறக்கல. வெரலப் பிரிக்கவே முடியல.

தாய்க்காரி மயக்கத்துல கெடந்தா. தாயம்மாதான் கொழந்தையக் குளிப்பாட்டினா. வெள்ளி அரைஞாண அவுக்கணும்ல... துணிய வெலக்கினா.

இடுப்புல ஒரு கருப்புக் கவுறு. அறுந்த எடத்துல புதுசா ஒரு முடிச்சு. அதுல ஒரு காசு தொங்குது, ஈயக் காசு, நடுவுல அருவா வெட்டு. அதுல ஆத்து மண்ணு ஒட்டிக்கினு கீது... இன்னும் ஈரம் காயல.