முழுகாதவர்களை எப்படி அளப்பது

எனக்கு நீச்சல் தெரியாது. கடற்கரையில் உயிர்காக்கும் காவலர் ஆறு பேருக்கு மேற்பார்வையாளனாக இருந்து ஓய்வு பெற்றவன் சொல்கிறேன். ஒரு வாளிக்கு மேல் தண்ணீரை நான் நம்பியதே இல்லை. நீங்கள் சிரிக்கலாம்.

எங்கள் கரையின் வடக்கு மூலையில் ஒரு சுழி உண்டு. யானையை விழுங்கிவிட்டு ஏப்பம்கூட விடாது. அங்கே சிவப்புக் கொடி நட்டு, பக்கத்தில் அந்த ஆறு பேரில் ஒருவனான நெட்டையனை நிறுத்திவிடுவேன். பனைமரத்துக்கு அண்ணன் அவன். விசில் ஊதினால் மீனே கரையேறிவிடும். ஆகவே யாரும் முழுகவில்லை.

அதுதான் வினையாயிற்று. நகராட்சியில் செயல்திறன் மதிப்பீடு என்று ஒன்று வந்தது. ‘மீட்கப்பட்டவர்கள்’ என்ற இடத்தில் எங்களுக்குப் பூஜ்யம்.

“யாரும் முழுகலையேம்மா, அதுதானே எங்க வேலை?” என்றேன், மதிப்பிட வந்த அதிகாரியிடம். நல்ல பெண்மணி.

“முழுகாதவங்களை எப்படி சார் அளக்கிறது?”

அடுத்த முறையும் பூஜ்யம் என்றால் பாதிப் பேரை நீக்கிவிடுவார்களாம். கடைசியாகச் சேர்ந்த நெட்டையன்தான் முதலில் போவான். அவனுக்கு அப்போதுதான் இரட்டைக் குழந்தைகள் பிறந்திருந்தன.

கொடியைப் பிடுங்கினேன். காற்றில் கிழிந்துவிட்டது, புதியது வரும் என்று சொல்லிவைத்தேன். விசிலையும் அடக்கச் சொன்னேன். யாராவது சிக்கிக் கத்த ஆரம்பித்த பிறகு இறங்கினால் போதும்.

“அண்ணே, அந்த எடத்துல எனக்கே பயமா இருக்குண்ணே.”

“பயந்தா பால் பவுடர் எவன்டா வாங்கிக் குடுப்பான்?” என்றேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன்.

கோடையில் வாரம் தவறாமல் யாரையாவது இழுத்து வந்தான். கேடயம் கொடுத்தார்கள். கொடியைத் திரும்ப நட்டிருக்கலாம். ஆனால் கேடயத்தோடு அடுத்த வருடத்துக்கு இரண்டு மடங்கு இலக்கும் கொடுத்திருந்தார்கள். புலிவாலைப் பிடித்தவன் விட முடியுமா?

மழைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண் சுழியில் சிக்கினாள். நெட்டையன் அவளை மற்றவர்கள் கைக்கு எட்டும்படி தள்ளிவிட்டான். அப்புறம் அவன் கை மட்டும் தெரிந்தது. அப்புறம் அதுவும் தெரியவில்லை. நான் முழங்கால் தண்ணீரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண்ணை மீட்கப்பட்டவர்களில் சேர்த்தேன். அவனைச் சேர்க்க இடமில்லை. பணியாளர் விபத்து வேறு பிரிவில் வருகிறது.

காற்று கிழிக்கவில்லை, ஐயா. கொடியைப் பிடுங்கியது நான். அதை விசாரிக்கத்தானே இவ்வளவு தூரம் வந்தீர்கள். எழுதிக்கொள்ளுங்கள்.

கூடவே இதையும் எழுதுங்கள்: என் மேற்பார்வையில் இருந்தவரை, ஆறு பேரில் ஒருவனுக்குக்கூட வேலை போகவில்லை.